ஒரு குழிக்கு ஒரு அதிர்வு

உப்பளச் சாலையில் பதினோராவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியதும் ஜெபக்கனி ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தாள். அந்த இடத்தில் எல்லோருமே குறைப்பார்கள், பயத்தில். அவளுக்கு வேறு காரணம் இருந்தது. குழி வரும்வரை கைப்பிடியில் அந்த அதிர்வு திரும்பத் திரும்ப வரும். மற்றவர்கள் கைக்கு இரண்டு தடவை வந்தால், மெதுவாகப் போகிறவர்களுக்கு ஐந்தாறு தடவை கிடைக்கும்.

வந்தது. இரண்டு கைப்பிடியிலும் ஒரே சமயத்தில் ஒரு குத்து. பிறகு ஒரு மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு இடப்பக்கம் மட்டும் ஒரு நீண்ட உதறல், யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல. இழுத்துக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடும். அது நிற்கும் கணத்தில்தான் அவளுடைய மகள் இவாஞ்சலின் செத்துப்போயிருந்தாள்.

"இவா, அம்மா போயிட்டு வாரேன்" என்று ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டு, உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்த குழியைச் சுற்றி வண்டியை ஓட்டிப் போனாள். பதின்மூன்று மாதமாகத் தினமும் காலையில் இப்படித்தான்.

முன்னதிர்வு என்று அதற்குப் பெயர். எட்டு வருடங்களுக்கு முன் சாலை உணர்வு வாரியம் என்று ஒன்றை அமைத்து, ஓடுகிற ஒவ்வொரு வண்டியின் கைப்பிடியிலும் ஸ்டியரிங்கிலும் அந்தக் கருவியைப் பொருத்தவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஒரு வண்டி குழியில் விழுந்தால், அந்த வண்டி பட்ட அதிர்ச்சி அப்படியே பதிவாகும். பின்னால் வருகிறவர்களுக்கு நூறு மீட்டர் முன்பே அதே அதிர்ச்சி கைகளில் வந்து சொல்லும். முதலில் வெறும் பீப் சத்தம் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் யாரும் அதை மதிக்கவில்லை. செயற்கையாக ஒரு நடுக்கம் வைத்தார்கள். அதுவும் பழகிவிட்டது. உண்மையாகவே ஒருவர் விழுந்த அதிர்வு மட்டும் பழகவே இல்லை. நூறு தடவை வந்தாலும் நூறாவது தடவையும் கை தானாக பிரேக்குக்குப் போனது. "கைக்குப் பொய் தெரியும்க்கா" என்பான் வாரியத்தின் பதிவறையில் வேலை பார்க்கும் சதக்கத்துல்லா.

விபத்துகள் பாதியாகக் குறைந்தன. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சட்டமாகப் போடவில்லை; தானாக நடந்தது. எச்சரிக்கை வேலை செய்கிறபோது குழியை எதற்கு மூடவேண்டும் என்று ஒருவர் கேட்டார். மூடுகிற வேலை குறைந்துபோனது. உப்பு லாரிகளிலிருந்து சொட்டும் தண்ணீர் தாரை அரித்துக்கொண்டே இருந்தது. பெரிய கார்கள் குழியைத் தாங்களே கண்டு விலகிக்கொண்டன. மற்றவர்கள் கைகளின் சொல்லைக் கேட்டு வளைந்து வளைந்து போகப் பழகினார்கள். நாளடைவில் குழிகளுக்குப் பேர் வந்தது. ஏழாவது கிலோமீட்டரில் தபால்காரர் குழி. பாலத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை குழி. லாரி டிரைவர்கள் அந்த இடங்களில் ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். பதினோராவது கிலோமீட்டரின் நாலாவது குழிக்கு, வாரியக் கணக்கில் பதினொன்று பை நாலுக்கு, லேப்காரப் புள்ள குழி என்று பேர்.

இவாஞ்சலின் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீசியனாக இருந்தாள். இருபத்து நான்கு வயது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில், அதற்கு முந்தின நாள் வரை இல்லாத குழி அது. அவள்தான் முதலில் விழுந்தாள். அவளுக்கு முன்னால் சொல்லிவைக்க யாரும் இருக்கவில்லை.

ஜெபக்கனிக்கு வாரியத்தில் குழிப் பரிசோதகர் வேலை. உப்பளச் சாலை அவளுடைய பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழியையும் நேரில் பார்த்து, படிவத்தில் இருக்கிற இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறி போட வேண்டும். 'நிரப்புக' என்று ஒன்று. 'எச்சரிக்கை போதும்' என்று ஒன்று. மகள் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தபோது பதினொன்று பை நாலின் படிவம் அவள் மேசைக்கு வந்தது. வேண்டுமானால் வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார் மேலதிகாரி. "வேண்டாம் சார், என் ரோடுதானே" என்றாள். முதல் வேலையாக அதை மூடச் சொல்லி எழுதுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குழி மூடப்பட்டால் அதிர்வை அழித்துவிடுவார்கள்.

அவள் இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். விதிப்படி அது தப்பில்லை. அதற்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை. சொந்தத் துக்கத்தை வேலையில் கலக்காதவர் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பேர்கூடக் கிடைத்தது. பங்குனியில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை என்று அதே கட்டத்தில் குறி விழுந்தது.

அவளுடைய கணவர் ராஜாசிங் அந்தச் சாலைப் பக்கமே போவதில்லை. துறைமுகத்துக்கு வேலைக்குப் போக பதினாலு கிலோமீட்டர் சுற்றிப் போனார். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார், "இந்தத் தடவையும் மூட எழுதலையா?"

"எச்சரிக்கை நல்லா வேலை செய்யுதுலா."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நாம புள்ளைய வளத்தோம் ஜெபா. நீ இப்ப குழிய வளத்துக்கிட்டிருக்க."

அன்றைக்கு இரண்டு பேருமே மேற்கொண்டு சாப்பிடவில்லை.

மார்கழிப் படிவங்கள் வந்திருந்த வாரத்தில், அலுவலகத்துக்கு ஒரு மனிதர் வந்தார். பேர் கொம்பையா. ஐம்பதை ஒட்டிய வயது. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து ஜெபக்கனியின் மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"இத வாசிங்க மேடம். எம் பொண்டாட்டி பேச்சித்தாய்க்கு வந்த கடுதாசி."

அவள் வாசித்தாள். எச்சரிக்கை முறையாக வழங்கப்பட்டிருந்தது. விபத்துக்கு ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம். வாரியத்தின் முத்திரை.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்காவ" என்றார் கொம்பையா. "இருபத்திரெண்டு வருசமா உப்பு வாருதா மேடம் அவ. பாத்தி வரப்பு ஒரு சாண் அகலம். தலையில சுமை. கவனம் இல்லாம ஒரு அடி வைக்க முடியுமா அங்கன? எங்களுக்கு வேற ஒன்னும் வேண்டாம். அந்த வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. அவ அத எடுத்து எடுத்து வாசிச்சிக்கிட்டிருக்கா."

"அதிர்வு வரலையா அவங்களுக்கு?"

"வந்திருக்கும். அவ கைக்குத் தெரியல. உப்பு தின்ன கைல்லா. அடுப்புல இருந்து சட்டிய துணி இல்லாமத்தான் இறக்குவா. அந்தக் கைக்கு உங்க குறுகுறுப்பு எங்க தெரியும்?"

"எந்த இடம் அண்ணாச்சி?"

"பதினொன்னு பை நாலு. லேப்காரப் புள்ள குழின்னு சொல்லுவாவ."

ஜெபக்கனி தாளை மேசைமேல் வைத்தாள். வைத்த பிறகும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"எப்ப?"

"ஆனி பொறந்து ரெண்டாம் நாளு."

வைகாசிக் கடைசியில் அவள் குறி போட்டிருந்தாள். ஒன்பது நாள் இடைவெளி.

"இது என் ரோடு. இங்க யாரு விழுந்தாலும் எனக்கு வரணுமே. எனக்கு ஏன் வரல?"

"கீழ கேட்டேன் மேடம். செத்திருந்தா உங்ககிட்ட வந்திருக்குமாம். இவ பொழச்சிக்கிட்டா, அதனால வேற பிரிவுக்குப் போயிட்டாம்." அவர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். "இடுப்பு எலும்பு மூணு எடத்துல போச்சு. இப்பதான் கம்பு பிடிச்சு நடக்கா."

தாளின் பின்பக்கம் இணைப்பாக ஒரு படிவத்தின் நகல் இருந்தது. 'எச்சரிக்கை போதும்' என்ற கட்டத்தில் குறியும், அதன் கீழே அவளுடைய கையெழுத்தும் இருந்தன. கொம்பையா அந்தப் பேரை வாசித்திருக்கவில்லை. வாசித்திருந்தாலும் எதிரில் உட்கார்ந்திருப்பவள்தான் அது என்று தெரிந்திருக்காது.

"ரெண்டு நாள் பொறுங்க" என்றாள். "நானே வீட்டுக்கு வாரேன்."

அவர் போனதும் அவள் பதிவறைக்கு நடந்தாள். குளிர்ந்த அறை. திரைகளுக்கு நடுவில் சதக்கத்துல்லா டீ குடித்துக்கொண்டிருந்தான். காயல்பட்டினத்துக்காரன், முப்பத்தைந்து வயது, இவாவின் அடக்கத்துக்கு வந்து குழிக்குள் ஒரு பிடி மண் போட்டவன்.

"பதினொன்று பை நாலு" என்றாள். "ஆனி மாசம் அங்க ஒரு அம்மா விழுந்திருக்காங்க. அது பதிவாகியிருக்கா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். திரையைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே, "ஆமாக்கா" என்றான்.

"அப்ப, இப்ப கைக்கு வாரது?"

"ஒரு குழிக்கு ஒரு அதிர்வுதான். பழசவிட பலமா புதுசு ஒன்னு வந்தா, அது தானா இடத்தப் பிடிச்சிக்கிடும். யாரும் உக்காந்து மாத்துறதில்ல."

"பழசு?"

"வச்சிருக்க மாட்டாங்க." திரையைக் காட்டி, "எட்டு வருசம், இத்தன ஆயிரம் குழி... எங்க கொள்ளும்?" என்றான். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

ஜெபக்கனி விரல் மடக்கி எண்ணினாள். ஆனி, ஆடி, ஆவணி. ஆறு மாதம். தினமும் காலையில் பேசியிருக்கிறாள். இவாவின் பிறந்தநாளன்று அந்த இடத்தில் நாலு தடவை வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருக்கிறாள்.

"எனக்கு வித்தியாசம் தெரியலயே சதக்கு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"குழி ஒன்னுக்கா. வண்டியும் ரெண்டு பேருக்கும் ஒரே மாடல். அந்த நேரத்துல அந்த ரோட்டுல எல்லாரும் போற வேகம்தான். கோடு போட்டுப் பாத்தா தெரியும். கைக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவன் டம்ளரை நகர்த்தி வைத்தான்.

"கேக்குதேன்லா."

"ஆனியிலேர்ந்தே. அதிர்வு மாறுனா எனக்குத்தான் முதல்ல வரும்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "தெனமும் காலையில ஒரே ஒரு வண்டி அந்த நூறு மீட்டர நடக்குற வேகத்துல தாண்டுது. அது கேள்வியாகும்னு நான்தான் அந்தப் பதிவ தள்ளிவிட்டுக்கிட்டிருக்கேன். அப்படி இருக்கையில இத எப்படிக்கா சொல்லுவேன்? மனசு வரல."

"மாறியிருக்குன்னா யாரோ விழுந்திருக்காங்கன்னு அர்த்தம்லா?"

"ஆமா."

"அது யாருன்னு பாக்கணும்னு தோணலயா?"

அவன் நிமிர்ந்தான். "உங்களுக்குத் தோணுச்சாக்கா, அடுத்தாப்ல யாராவது விழுவாங்கன்னு? எச்சரிக்கை போதும்னு எழுதையில?"

குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. அவளால் அவனிடம் கோபப்பட முடியவில்லை. கதவு வரை போனவள் திரும்பி வந்து ஒன்று கேட்டாள்.

"இந்த அதிர்வு எவ்வளவு பலமா வரணும்னு யாரு முடிவு பண்ணுனது?"

"தலைநகர்ல வச்சு இருநூறு பேரோட கைய சோதிச்சு எடுத்த அளவு."

"அதுல உப்பளத்துக் கை ஒன்னாவது இருந்துச்சா?"

"கம்ப்யூட்டர்ல வேல பாக்குறவங்க கைதான்க்கா இருந்திருக்கும். எங்கைய மாதிரி" என்று தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தான் சதக்கத்துல்லா.

மறுநாள் மத்தியானம் ஜெபக்கனி முள்ளிக்கரைக்குப் போனாள். உப்பளத்துக்காரர்கள் குடியிருக்கும் ஊர். தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் பேச்சித்தாய் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்து மூன்று வயது என்று கடிதத்தில் போட்டிருந்தது. வெயில் அதைவிடக் கூட்டி எழுதியிருந்தது. கம்பு சுவரில் சாய்ந்திருந்தது. கொம்பையா உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"மேடம் நேர்லயே வந்துட்டாவ பாத்தியா" என்றார் மனைவியிடம், ஒரு பெருமையுடன்.

அந்தப் பெருமை ஜெபக்கனியைக் குத்தியது. ஸ்டூலில் உட்காராமலேயே சொல்லிவிட்டாள். கடிதத்தின் பின்னால் இருக்கிற கையெழுத்து தன்னுடையது என்று சொன்னாள். லேப்காரப் புள்ள தன்னுடைய மகள் என்று சொன்னாள். குழியை மூடினால் மகளின் அதிர்வு போய்விடும் என்பதற்காகவே மூடவேண்டாம் என்று நாலு தடவை எழுதியதையும், ஆனியில் பேச்சித்தாய் விழுந்தபோது புது அதிர்வு அந்த இடத்தைப் பிடித்துவிட்டதையும் சொன்னாள். சொல்லும்போது அழக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அது நடக்கவில்லை.

கொம்பையா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குரல் உயர்ந்தது.

"நீங்களா? எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு இப்ப வந்து வாசல்ல நின்னு அழுதீயளா? உங்க புள்ள அதிர்வு கையில வந்தா உங்களுக்குப் போதும். எவ இடுப்பு ஒடிஞ்சா என்ன!"

"செத்த சும்மா இரிங்க" என்றாள் பேச்சித்தாய்.

"என்னத்த சும்மா இருக்க? ஆறு மாசமா நான்..."

"இரிங்கன்னு சொல்லுதேன்லா."

அவர் விருட்டென்று தெருவில் இறங்கி, எதிர்ச் சுவரோரம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பேச்சித்தாய் வெகுநேரம் ஜெபக்கனியின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. ஏதோ கணக்குப் புரியாதவள் போலிருந்தாள்.

"அப்ப, இப்ப அந்த எடத்துல வாரது நான் விழுந்ததா?"

"ஆமா."

"எல்லாரு கையிலயும் வருதா?"

"அந்த வழியா போற எல்லாருக்கும்."

"லாரிக்காரனுவ கையிலயுமா?"

"ஆமா."

"என்னையக் கேக்காமலா?" பேச்சித்தாய் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "நான் கெடந்த கோலத்த ஊர்ல உள்ள ஆம்பளையெல்லாம் தெனமும் கையில பிடிச்சிக்கிட்டுப் போறான். எனக்குத் தெரியாது. எல்லாவனும் செத்துப்போன புள்ளன்னு நெனச்சு நெஞ்சுல கை வைக்கான். நான் இங்கன உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டிருக்கேன்."

ஜெபக்கனி ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு அதப் பாக்கணும்" என்றாள் பேச்சித்தாய்.

கொம்பையா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, அவள் தானே கம்பை எடுத்துக்கொண்டு எழுந்ததும், வந்து தாங்கிக்கொண்டார். ஓர் ஆட்டோவில் கணவனும் மனைவியும் ஏறிக்கொள்ள, ஜெபக்கனி ஸ்கூட்டரில் முன்னால் போனாள். பதினோராவது கல்லருகே இறங்கினார்கள். இரண்டு பக்கமும் மழைநீர் நிறைந்த பாத்திகள் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தன. ஜெபக்கனி ஸ்கூட்டரை நிறுத்திப் பிடிக்க, பேச்சித்தாயை மெல்லத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தார் கொம்பையா. இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

கைப்பிடியை ஜெபக்கனியும் தொட்டுக்கொண்டிருந்தாள். வந்தது. ஒரு குத்து, இடைவெளி, உதறல்.

"வந்துச்சா?" என்று கேட்டாள் பேச்சித்தாய். அவளுடைய இரண்டு கைகளும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தோல் தடித்து, வெடிப்புகளில் உப்பின் வெள்ளை படிந்திருந்தது.

"இப்ப வருது. இப்பவும். தெரியலையா?"

"இல்ல."

இன்னும் பத்தடி போனார்கள். மறுபடியும் வந்தது. பேச்சித்தாய் தலையாட்டினாள். பிறகு ஏதோ தோன்றியவளாக முன்னால் குனிந்து, வலக் கன்னத்தைக் கைப்பிடியின்மேல் வைத்தாள். கண்களை மூடிக்கொண்டாள்.

அது வந்ததும் அவள் தோள்கள் ஒருமுறை துள்ளின. கொம்பையா "பேச்சி" என்றார். அவள் கையைக் காட்டி அடக்கினாள். அப்படியே மூன்று தடவை கேட்டாள். கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு உப்பு லாரி பின்னால் வந்து, வேகம் குறைந்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று. டிரைவர் நெஞ்சில் கை வைத்திருந்தார்.

பேச்சித்தாய் நிமிர்ந்தாள். கன்னத்தில் கைப்பிடியின் வரிகள் பதிந்திருந்தன.

"இதுல நான் இல்லயேக்கா" என்றாள்.

"நீங்கதான். தேதி, நேரம் எல்லாம் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"இல்ல. விழுகையில என்ன நெனச்சேன் தெரியுமா? உளுந்து ஊறப்போட்டுட்டு வந்திருந்தேன். ஐயோ, அத யாரு ஆட்டுவான்னு நெனச்சேன். அந்தரத்துல இருக்கையில அதான் ஓடுது மனசுல. சிரிப்புகூட வந்துச்சு. பொறவு கீழ கெடக்கையில, காதுக்குப் பக்கத்துல ஒரு எறும்பு போய்க்கிட்டிருந்துச்சு, இவ்வளவு பெருசா தெரிஞ்சுது அது. அதெல்லாம் இதுல எங்க இருக்கு? இது குழில்லா. குழி தன்னைப் பத்தியே சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

ஜெபக்கனி குழியைப் பார்த்தாள். மூன்றடி நீளம். ஓரங்களில் ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பதின்மூன்று மாதத்தில் எவ்வளவோ தடவை இதைச் சுற்றிப் போயிருக்கிறாள். நின்று பார்த்தது இல்லை.

"வலிச்சுதா?" என்று கேட்டாள். யாரிடமும் கேட்கமுடியாமல் வைத்திருந்த கேள்வி அது. செத்தவர்களிடம் கேட்க முடியாது. மற்றவர்களுக்குத் தெரியாது.

பேச்சித்தாயும் குழியைப் பார்த்தாள்.

"உங்க புள்ளைக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்ச மாதிரி சொல்லக்கூடாது. எனக்கு வலிக்கல. ரொம்ப நேரத்துக்கு ஒன்னுமே வலிக்கல."

கொம்பையா கைப்பிடியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அலுவலகம் மூடுவதற்கு முன் ஜெபக்கனி மார்கழிப் படிவத்தை நிரப்பினாள். 'நிரப்புக' என்பதில் குறி போட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில், உப்பளத் தொழிலாளர் ஒருவரின் கைகளைக் கொண்டு நேரில் சோதித்ததில் எச்சரிக்கை உணரப்படவில்லை என்றும், இதற்கு முந்தைய நான்கு பரிசோதனைகளிலும் சொந்தக் காரணத்தால் தவறாகக் குறி போடப்பட்டது என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அதோடு நிற்கவில்லை. உப்பளச் சாலையில் 'எச்சரிக்கை போதும்' என்று அவள் விட்டுவைத்திருந்த குழிகள் இன்னும் நாற்பத்து மூன்று இருந்தன. அவை எல்லாவற்றையும் பட்டியலிட்டு, இந்தச் சாலையில் போகிறவர்களில் பாதிப்பேருக்குக் கைகள் மரத்துப்போனவை, இவற்றில் ஒன்றுகூடப் போதுமானது இல்லை என்று தனியாக ஒரு கடிதம் வைத்தாள்.

மூன்றாம் நாள் அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். முந்தைய பரிசோதனைகளைப் பற்றி விசாரணை. பேர் வாங்கிக் கொடுத்த அதே நான்கு படிவங்கள். நாற்பத்து மூன்று குழிகளைப் பற்றிய கடிதத்துக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அது எத்தனை நாள் அப்படியே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதன் நகலைச் சதக்கத்துல்லா எல்லா மாவட்டத்துப் பதிவறைகளுக்கும் அனுப்பிவிட்டிருந்தான். யாரும் அவனிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. வேறு எங்கெங்கோ இருந்து, செங்கல் சூளைக்காரர்களின் கைகளைப் பற்றியும், கொத்தனார்களின் கைகளைப் பற்றியும் பரிசோதகர்கள் கேட்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னான்.

பதினொன்று பை நாலை மட்டும் தை பிறந்த வாரத்தில் மூடினார்கள். தார் ஜல்லி ஏற்றிய வண்டியும் சின்ன ரோலரும் வந்தன. ஜெபக்கனி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ராஜாசிங். அந்தச் சாலைக்கு அவர் வந்தது பதினாலு மாதத்தில் அதுதான் முதல் தடவை. பக்கத்தில் வந்து நின்றார். ரோலர் மூன்று தடவை போய்வந்ததும், "சூடு ஆறட்டும், வா போலாம்" என்றார்.

சதக்கத்துல்லா போன் பண்ணி, "அதிர்வ எடுத்துட்டாங்கக்கா" என்றான். "பேச்சித்தாய் அம்மாவுக்குச் சொல்லிடுங்க."

புதிய கடிதம் மாசியில் வந்தது. கவனக்குறைவு என்ற சொல் அதில் இல்லை. காரணம்: நிரப்பப்படாத குழி என்று இருந்தது. பேச்சித்தாய் அதை ஒரே தடவை வாசித்துவிட்டு, அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டதாகக் கேள்வி. கொம்பையா இன்னமும் ஜெபக்கனியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் வந்தால் உள்ளே எழுந்து போய்விடுவார். ஆனால் வாரம் ஒருமுறை மனைவியை டவுனுக்கு எலும்புப் பயிற்சிக்குக் கூட்டிப்போக அவள் வருவதை வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒரு மடித்த போர்வையை அவரே போட்டு வைத்திருப்பார்.

முதல் தடவை அப்படிப் போனபோது ஜெபக்கனி மற்றக் குழிகளுக்கெல்லாம் கைகளின் சொல்லைக் கேட்டுத்தான் ஒதுங்கி ஒதுங்கிப் போனாள். ஏழாவது கிலோமீட்டரில் தபால்காரர் வந்தார், போனார். பத்தைத் தாண்டியதும் பின்னால் இருந்தவள் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். பதினோராவது கல். எதிரே வந்த உப்பு லாரி வழக்கம்போல வேகத்தைக் குறைத்தது. டிரைவரின் இடக்கை நெஞ்சுக்குப் போனது. வெறும் சாலை. கறுப்பாக, புதிதாக, ஒரு ஆள் படுத்த நீளத்துக்கு ஒட்டுப்போட்ட தார். ஸ்கூட்டர் அதன் மேலேயே நேராகப் போயிற்று.

கொஞ்ச தூரம் போனதும் பேச்சித்தாய் காதருகே குனிந்து கேட்டாள், "தாண்டியாச்சாக்கா?"

"தாண்டியாச்சு."

"எனக்கு ஒன்னும் தெரியலயே."

ஜெபக்கனி இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். காற்றில் உப்பு வாசம் அடித்தது.

"எனக்கும் தெரியல பேச்சி" என்றாள்.